பொலிசியில் மின்னல் என்று இருக்கிறதே, டீவி எரிந்ததற்கு ஏன் பணம் இல்லை?

பண்டாரவளையிலிருந்து நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: ஒக்டோபர் கடைசியில் ஒரு நாள் பின்னேரம் மூன்றரை மணிபோல வீட்டுக்குக் கிட்டப் பலமாக இடி விழுந்தது. உடனே கரண்ட் போய், இருபது நிமிடத்தில் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு டீவி, ஃபிரிட்ஜ், ரௌட்டர் மூன்றும் வேலை செய்யவில்லை. வங்கிக் கடனில் கட்டிய வீடு, அதற்குக் காப்புறுதி இருக்கிறது. பொலிசியில் "தீ, மின்னல்" என்று எழுதியும் இருக்கிறது. ஆனால் கம்பனிக்காரர் ஃபோனில், "இது மின் அழுத்தம் கூடியதால் வந்த சேதம், பொலிசியில் வராது" என்று சொல்லிவிட்டார். கம்பனி ஏமாற்றுகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதற்குள் மூன்று கேள்வி இருக்கிறது. அந்தக் காப்புறுதி வீட்டுக்குள் இருக்கும் சாமான்களுக்கும் சேர்த்து எடுக்கப்பட்டதா? பொலிசியில் உள்ள "மின்னல்" என்ற சொல், கம்பி வழியாக உள்ளே வந்த மின்னலையும் சேர்க்குமா? அன்றைக்கு உங்கள் சாமான்களை எரித்தது மின்னல்தானா? மூன்றுக்கும் "ஆம்" என்று வந்தால்தான் பணம். கம்பனி இரண்டாவதை மட்டும் தொட்டுப் பதில் சொல்லியிருக்கிறது.

நான் முதலில் மின் தொழில்நுட்பம் படித்து வயரிங் வேலை செய்தவன். பிறகு பதினாறு வருடமாக ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பதுளைப் பக்கங்களில் காப்புறுதி இழப்பு மதிப்பீட்டாளர்களோடு போய், எரிந்த சாமான்களைத் திறந்து பார்த்து அறிக்கை எழுதி வருகிறேன். சட்டத்தரணி இல்லை. உங்கள் பொலிசியையும் நான் பார்க்கவில்லை. ஆகவே பணம் கிடைக்கும், கிடைக்காது என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். எந்தத் தாளில் எந்த வரியைப் பார்த்தால் உங்களுக்கே அது தெரியும் என்று சொல்கிறேன்.

முதல் கேள்வியில்தான் நம் பக்கத்து ஆட்கள் அநேகமாகத் தடுக்கி விழுகிறார்கள். வங்கிக் கடனோடு வரும் காப்புறுதி பெரும்பாலும் வங்கியின் பணத்தைக் காப்பதற்காக எடுக்கப்படுவது. கடனுக்கு ஈடாக நிற்பது கட்டிடம். அதனால் "காப்புறுதி செய்யப்பட்ட சொத்து" என்ற இடத்தில் சுவர், கூரை, கதவு, ஜன்னல், நிலையாகப் பொருத்திய வயரிங் என்ற அளவோடு நின்றுவிடும். டீவியும் ஃபிரிட்ஜும் "வீட்டுச் சாமான்கள்" என்று தனி வரியில், தனித் தொகையோடு எழுதப்பட்டிருந்தால் மட்டுமே உள்ளே வரும். பொலிசியோடு இணைத்திருக்கும் அட்டவணைத் தாளில் அது தெரியும். நான் போகும் வீடுகளில் அந்தத் தாள் இருப்பது அபூர்வம். மூலப் பத்திரம் வங்கியில் கிடக்கும், வீட்டில் கட்டணம் கட்டிய ரசீது மட்டும் இருக்கும். வங்கிக்குப் போய், இணைப்புத் தாள்கள் எல்லாம் சேர்த்து முழுப் பிரதி கேளுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் தமிழ்ப் பிரதி உண்டா என்று கம்பனியிடம் தயங்காமல் கேளுங்கள். இல்லை என்றால் ஒரு அதிகாரியை உட்காரவைத்து வரி வரியாக விளக்கச் சொல்லுங்கள். சாமான்களுக்கான வரி அதில் இல்லையென்றால், மின்னலா மின் அழுத்தமா என்று வாதாடி அலைய வேண்டாம். அந்தப் பொலிசியில் உங்கள் டீவிக்கு வழி இல்லை. மெயின் போர்டோ சுவருக்குள் போன வயரோ எரிந்திருந்தால் அது கட்டிடத்தோடு சேரும், அதைத் தனியாகக் கேட்கலாம். அதற்கும் அடுத்த தடையைத் தாண்ட வேண்டும்.

அந்தத் தடைதான் கம்பனிக்காரர் ஃபோனில் சொன்னது. தீக் காப்புறுதியில் மின்னல் என்று எழுதும்போது மனதில் இருப்பது, மின்னல் நேராக வீட்டில் விழுந்து ஓடு சிதறுவது, சுவர் வெடிப்பது, கூரை பற்றி எரிவது. தீயே பிடிக்காவிட்டாலும் அந்தச் சேதத்துக்குப் பணம் உண்டு. ஆனால் அதே பொலிசியின் பின்பக்கம், பொடி எழுத்தில், மின் சாதனங்களுக்கென்று ஒரு விலக்கு வாசகம் இருக்கும். மின் சாதனம் ஒன்று அளவுக்கு மீறி ஓடியதால், மின் அழுத்தம் கூடியதால், ஷோர்ட் ஆனதால், தானாகச் சூடேறியதால், மின் கசிவால் கெட்டுப்போனால் அந்தச் சாதனத்துக்குப் பணம் கிடையாது என்பது அதன் பொருள். பல பொலிசிகளில் "எந்தக் காரணத்தால் என்றாலும்" என்று சொல்லி, அடைப்புக்குறிக்குள் "மின்னல் உட்பட" என்றும் சேர்த்திருப்பார்கள். ஆக முன்பக்கத்தில் கொடுத்த மின்னலை, மின் சாதனங்களைப் பொறுத்தவரை பின்பக்கத்தில் திருப்பி எடுத்துக்கொள்கிறார்கள். இது சட்டப்படி செய்யக்கூடியதுதான், ஏமாற்று என்று சொல்ல முடியாது. ஆனால் விற்கும்போது இதை வாய்விட்டுச் சொல்லாமல் விடுவது தவறு என்பது என் உறுதியான எண்ணம். ஒரு நல்ல பகுதியும் அந்த வாசகத்தில் உண்டு: விலக்கு அந்த ஒரு சாதனத்துக்கு மட்டும்தான். ஃபிரிட்ஜுக்குள் ஷோர்ட்டாகித் தீப்பிடித்து, பக்கத்து அலுமாரியும் கூரையும் எரிந்தால், ஃபிரிட்ஜுக்குப் பணம் இல்லை, அலுமாரிக்கும் கூரைக்கும் உண்டு.

ஆகவே நீங்கள் தேட வேண்டியது அந்த அடைப்புக்குறியை. "மின்னல் உட்பட" என்று இருந்தால் நிலைமை கடினம். அந்தச் சொல் இல்லாமல் வெறுமனே மின் அழுத்தம் என்று மட்டும் இருந்தால் உங்களுக்கு வாதம் இருக்கிறது. மின்னலுக்குப் பணம் தருவதாக ஒரு பக்கம் சொல்லிவிட்டு, அதே மின்னல் கம்பி வழியாக வந்தால் தரமாட்டோம் என்பது அந்த வாசகத்தில் தெளிவாக இல்லை என்று நீங்கள் சொல்லலாம். நம் நாட்டில் தீக் காப்புறுதிக்கு ஆங்கிலச் சட்டமே பொருந்தும். 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. வாசகம் இரண்டு விதமாகப் படிக்க இடம் தந்தால் அதை எழுதியவருக்கு எதிராகப் படிக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தில் பழைய விதி. மூன்றாவதாக ஒன்றும் இருக்கலாம்: மேலதிகக் கட்டணம் கட்டி, அந்த விலக்கை நீக்கி மின் சேதத்தையும் உள்ளே எடுத்துக்கொள்ளும் இணைப்பு வாசகம். அட்டவணைத் தாளின் கீழ்ப்பகுதியில் ஒரு வரியாகத்தான் இருக்கும். அது இருந்தால் பேச்சே மாறிவிடும். வங்கி அதிகாரியே பெட்டியில் டிக் போட்டு எடுத்துவிட்டு, வீட்டுக்காரருக்குச் சொல்லாமல் விட்ட இரண்டு வீடுகளை நானே பார்த்திருக்கிறேன்.

இனி என் தொழில் சம்பந்தப்பட்ட மூன்றாவது கேள்வி. இடி விழுந்தது, கரண்ட் போனது, சாமான் எரிந்தது. இந்த மூன்றும் ஒரே பின்னேரத்தில் நடந்ததால் மின்னல்தான் எரித்தது என்று ஆகிவிடாது. வீட்டுக்கு வர வேண்டிய மின் அழுத்தம் 230 வோல்ட், அது 6 சதவீதம் கூடலாம், குறையலாம். அதாவது ஏறக்குறைய 216 முதல் 244 வரை. நம் மலையில் அது கட்டுமீறிப் போவதற்கு மின்னலைத் தவிர இன்னொரு பெரிய காரணம் உண்டு: நியூட்ரல் கம்பி அறுவது. தெருக்கம்பத்தில் போகும் நான்கு கம்பியில் மூன்று ஃபேஸ், ஒன்று நியூட்ரல். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஃபேஸும் அந்த நியூட்ரலும் வருகிறது. காற்றுக்கு டர்பன்டைன் மரக் கிளை விழுந்தோ, இணைப்பு துருப்பிடித்தோ நியூட்ரல் மட்டும் அறுந்தால், இரண்டு ஃபேஸுக்கு நடுவில் இருக்கும் 400 வோல்ட்டை இரண்டு பக்கத்து வீடுகளும் பங்குபோட வேண்டிவரும். அந்தப் பங்கு சமமாக இருக்காது. ஹீட்டரும் கேத்தலும் ஓடும் பக்கத்தில் பல்ப் மங்கும். ஒரு டீவியும் இரண்டு பல்ப்பும் மட்டும் எரியும் பக்கத்தில் முந்நூறுக்கும் மேலே ஏறி, போட்டிருந்தது எல்லாம் கருகும். குறைவாகக் கரண்ட் பாவிக்கிற வீடுதான் அதிகம் பாதிக்கப்படும்.

சாமானைத் திறந்தால் இரண்டுக்கும் வித்தியாசம் பெரும்பாலும் தெரியும். நியூட்ரல் போனால் அடி கரண்ட் வரும் பக்கத்தில்தான் விழும்: ஃபியூஸ், அதற்குப் பக்கத்தில் இருக்கும் அழுத்தத் தடுப்பு வட்டு, வீங்கி வெடித்த பெரிய கப்பாசிட்டர். ஒரே கம்பத்தில் உள்ள பல வீடுகளில், அந்நேரம் சுவிட்ச் போட்டிருந்த சாமான்கள் சேர்ந்து போகும். ஃபோன் சார்ஜரும் எல்இடி பல்ப்பும் முதலில் போகும். மின்னல் வேறு விதம். அது இரண்டு வழியாக உள்ளே வரும் சாமானைத் தேடி அடிக்கும். டீவிக்கு ஒரு பக்கம் கரண்ட், மறுபக்கம் டிஷ் அல்லது அன்டெனா கம்பி. ரௌட்டருக்கு ஒரு பக்கம் அடப்டர், மறுபக்கம் செம்புத் தொலைபேசிக் கம்பி. அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு நொடியின் சிறு துளியில் ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வந்து குறுக்கே பாயும். அதனால் கரண்ட் பக்கம் நன்றாக இருக்க, அன்டெனா பூட்டும் இடமோ ரௌட்டரின் கம்பி செருகும் இடமோ கருகியிருக்கும். சுவிட்ச் நிறுத்திவைத்திருந்த டீவியும் போகும், ஏனென்றால் மின்னலுக்கு சுவிட்ச்சின் சின்ன இடைவெளி தடையே இல்லை. இந்த அடையாளங்கள் எப்போதும் இவ்வளவு சுத்தமாகப் பிரிந்து கிடைப்பதில்லை. பத்துக்கு இரண்டு மூன்று சாமானில் எதுவென்று என்னால் உறுதியாக எழுத முடிவதில்லை, அப்படி இருந்தால் அப்படியே எழுதிவிடுவேன்.

உங்கள் விஷயத்தில் டீவியும் ரௌட்டரும் சேர்ந்து போனது மின்னல் பக்கம் சாய்கிறது. ஃபிரிட்ஜ் பற்றி எனக்குச் சந்தேகம். அதற்கு ஒரே கம்பிதான். அது இடி விழுந்த கணத்தில் போனதா, இருபது நிமிடம் கழித்துக் கரண்ட் திரும்பி வந்தபோது போனதா என்று யோசித்துப் பாருங்கள். பக்கத்து வீட்டில் பல்ப் பளிச்சென்று எரிந்ததா, மங்கியதா என்றும் கேளுங்கள். மூன்றையும் ஒரே காரணத்தில் கட்டாமல், சாமானுக்குச் சாமான் தனியாகக் கேட்பது நல்லது. ஒன்றில் சந்தேகம் வந்தால் மற்ற இரண்டையும் அது இழுத்துக்கொண்டு போகக்கூடாது.

போகவந்தலாவைப் பக்கம் ஒரு அம்மாவின் வீட்டுக்குப் போனது இன்றும் மனதில் இருக்கிறது. மகன் கொழும்பில் கடையில் வேலை செய்து வாங்கிக் கொடுத்த ஃபிரிட்ஜும் டீவியும் எரிந்துவிட்டன. "மின்னல் தம்பி, மின்னல்தான்" என்றார். திறந்து பார்த்தால் இரண்டிலும் கரண்ட் பக்கம் மட்டும் வெடித்திருக்கிறது. அன்று இடியே இல்லை என்று அடுத்த வீட்டுப் பிள்ளைகள் சொன்னார்கள். மேலே போய்ப் பார்த்தால் கம்பத்தில் நியூட்ரலை அப்போதுதான் புதிதாக முடிச்சுப் போட்டிருக்கிறது. கடையில் யாரோ "மின்னல் என்று சொன்னால்தான் கிடைக்கும்" என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நடந்ததை நடந்தபடி அவர் சொல்லியிருந்தால், அந்த வீட்டுப் பொலிசியில் மின் சேதத்துக்கான இணைப்பு வாசகம் இருந்தது, பணம் கிடைத்திருக்கும். பொய்யான காரணம் எழுதிக் கொடுத்ததால் முழுக் கோரிக்கையும் தள்ளப்பட்டது. அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்டவன் நான். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்: பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் சொல்லுங்கள்.

இன்னொரு சறுக்கலும் உண்டு. முதல் ஃபோனில் கம்பனிப் பிள்ளை "என்ன நடந்தது?" என்று கேட்கும். நாம் வழக்கமாகப் பேசுகிற மாதிரி "கரண்ட் கூட வந்து எல்லாம் போயிருச்சு" என்போம். அந்த வசனம் "மின் அழுத்தம் கூடியது" என்று படிவத்தில் ஏறிவிடும். உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கலாம். இத்தனை மணிக்கு இடி கேட்டது, அதே கணத்தில் கரண்ட் போனது, இன்ன இன்ன சாமான் பிளக்கில் இருந்தது, இன்னது இப்போது வேலை செய்யவில்லை என்று எழுத்தில் அனுப்பி, முதல் ஃபோன் பேச்சுக்குப் பதிலாக இதைப் பதிவு செய்யக் கேளுங்கள்.

கம்பனியின் மறுப்பையும் எழுத்தில், எந்த வாசகத்தின்படி என்ற இலக்கத்தோடு கேளுங்கள். ஃபோனில் சொன்னது மறுப்பாகாது, அதை வைத்து மேலே போகவும் முடியாது. திருத்துபவரிடம் அறிக்கை வாங்கும்போது "லைட்னிங் டேமேஜ்" என்று ஒரு வரி போதாது. மொடல், தொடர் இலக்கம், எந்தப் பாகம் எப்படிப் போயிருக்கிறது, அந்தப் பாகம் கரண்ட் பக்கமா அன்டெனாப் பக்கமா, திருத்த முடியுமா, முடிந்தால் எவ்வளவு என்று இருக்க வேண்டும், படத்தோடு. கரண்ட் போன அன்று 1987 என்ற மின்தடை முறைப்பாட்டுத் தொலைபேசி இலக்கத்துக்கு அறிவித்திருந்தால் அந்த முறைப்பாட்டு இலக்கத்தை எடுத்து வையுங்கள். வளிமண்டலவியல் திணைக்களம் மின்னல் எச்சரிக்கை விட்டிருந்தால் அதையும் சேருங்கள். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும், இரண்டு பருவமழைக்கும் இடைப்பட்ட காலத்தில், பின்னேர இடி ஊவாப் பக்கம் வழக்கமானது. அதனால் எச்சரிக்கை வந்திருக்க வாய்ப்பு அதிகம். அது உங்கள் வீட்டில் விழுந்ததை நிரூபிக்காது, அன்று அந்தப் பக்கம் இடி இருந்தது என்பதற்குத் துணை நிற்கும். சேதத்தை அறிவிப்பதற்கும் விவரம் கொடுப்பதற்கும் பொலிசியில் நாள் கணக்கு இருக்கும், அதைத் தாண்டவிடாதீர்கள். கம்பனியின் இறுதிப் பதிலும் சரியில்லை என்றால் காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஓம்புட்ஸ்மனிடம் முறையிடலாம். காப்புறுதிக் கம்பனிகளை மேற்பார்வை செய்வது, 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. அங்கும் முறைப்பாடு கொடுக்கலாம்.

பணம் வந்தாலும் எவ்வளவு வரும் என்பதில் ஏமாறாமல் இருக்க ஒரு கணக்கு. வீட்டுச் சாமான்களின் உண்மைப் பெறுமதி 12 இலட்சம், கட்டணம் குறையட்டும் என்று 6 இலட்சத்துக்குத்தான் காப்புறுதி எடுத்தீர்கள் என்று வைப்போம். சேதம் 2 இலட்சம் என்றால், பாதிக்குத்தான் காப்புறுதி என்பதால் 1 இலட்சம்தான் கணக்கில் வரும். அதிலும் நீங்களே தாங்க வேண்டிய பங்கு 10 சதவீதம் என்று பொலிசியில் இருந்தால் 90,000. பழைய சாமானுக்குத் தேய்மானம் கழிக்கும் பொலிசியானால் அதிலிருந்தும் குறையும்.

மின்சார சபையிடம் கேட்கலாமா என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். நேரடி மின்னலுக்கு அங்கே போய்ப் பயன் கிடைப்பது அரிது, அது யாருடைய குற்றமும் இல்லை. நியூட்ரல் அறுந்ததுதான் காரணம், முன்பே முறைப்பாடு செய்தும் கிளையை வெட்டவில்லை, இணைப்பைத் திருத்தவில்லை என்றால் அது வேறு. எழுத்தில் கொடுங்கள், பதில் இல்லையென்றால் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டத்தோடு சபையைத் தனித்தனிக் கம்பனிகளாகப் பிரிக்கும் வேலை தொடங்கியதால், உங்கள் கடைசி பில்லில் எந்தப் பெயர் இருக்கிறதோ அந்தப் பெயருக்கே கடிதத்தை அனுப்புங்கள்.

இதைப் படிக்கிற லயத்துப் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது, லயக் காம்பிரா இன்றும் குடியிருப்பவர் பெயரில் இல்லை. சொந்தமில்லாத கட்டிடத்துக்கு நாம் காப்புறுதி எடுப்பது பொதுவாக நடக்காது என்பது சரி. ஆனால் உள்ளே இருக்கும் டீவியும் ஃபிரிட்ஜும் தையல் மெஷினும் நம் உழைப்பில் வாங்கியவை, அவற்றுக்குத் தனியாக எடுக்கத் தடை இல்லை. "வீடு உங்கள் பெயரிலா?" என்று கேட்டு முகவர் திருப்பி அனுப்பினால், சாமானுக்கு மட்டும் கேட்கிறேன் என்று சொல்லுங்கள். பக்கத்துக் காம்பிராவிலிருந்து வயர் இழுத்த இணைப்பாக இருந்தால் அதை முதலில் ஒழுங்காக்க வேண்டும். சேதம் வந்த பிறகு முதல் கேள்வியே அதுவாக இருக்கும்.

தடுப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது, பயமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது 30 மில்லி அம்பியர் கசிவைக் கண்டு ஆளைக் காப்பாற்றும், மின்னலிலிருந்து டீவியைக் காப்பாற்றாது. மெயின் போர்டில் மின்னெழுச்சித் தடுப்பான், அதாவது திடீரென ஏறும் மின் அழுத்தத்தைத் தடுக்கும் கருவி, போடலாம், ஆனால் அது அள்ளும் மின்சாரத்தை நிலத்துக்குள் இறக்க எர்த் கம்பி சரியாக இருக்க வேண்டும். நம் பாறை நிலத்தில் ஒரு கம்பியை அடித்துவிட்டால் போதாது. ஈரம் நிற்கும் இடம் பார்த்து இரண்டு மூன்று அடித்து இணைத்து, மீட்டர் வைத்து 10 ஓமுக்குக் கீழே வருகிறதா என்று அளக்கச் சொல்லுங்கள். செலவில்லாத வழி பிளக்கைக் கழற்றுவதுதான், அன்டெனாக் கம்பியையும் ஃபோன் கம்பியையும் சேர்த்து. மின்னியதற்கும் இடி கேட்டதற்கும் இடையில் எண்ணுங்கள், மூன்று செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர். முப்பது எண்ணும்போது கேட்டால் பத்துக் கிலோமீற்றர், அப்போதே கழற்றிவிடுங்கள். தலைக்கு மேலே வந்த பிறகு பிளக்கில் கை வைக்க வேண்டாம். டீவியை விட நீங்கள் பெரிது.

ஃபிரிட்ஜை ஒருவர் பழைய இரும்புக்குக் கேட்டிருக்கிறார், கொடுத்துவிடலாமா என்று கடைசியில் எழுதியிருந்தீர்கள். கொடுக்காதீர்கள். மதிப்பீட்டாளர் வந்து பார்த்து, எடுத்துக்கொள்ளலாம் என்று எழுத்தில் தரும்வரை மூன்றையும் அப்படியே வையுங்கள். டீவியைத் திருத்தக் கொடுத்துவிட்டால், கழற்றிய எரிந்த போர்டைத் திருப்பி வாங்கி, பொலித்தீன் பையில் போட்டு, திகதி எழுதி வையுங்கள். ரௌட்டரை இணையக் கம்பனி மாற்றித் தர வந்தால், பழையதை அவர்கள் எடுத்துப்போக முன் நான்கு பக்கமும் படம் பிடித்துக்கொள்ளுங்கள், முக்கியமாக கம்பி செருகும் இடத்தை.